கட்சிகளுக்குப் போகும் கம்பெனிப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கம்பெனி அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுப்பது சட்டப்படி சரிதானா?

சரிதான். இந்தியாவில் 1969-ல் இது முழுக்கத் தடை செய்யப்பட்டது. 1985-ல் மீண்டும் அனுமதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் பணம் நிற்கவில்லை, கணக்கில் வருவது மட்டும் நின்றது. இப்போது நடைமுறையில் இருப்பது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 182-வது பிரிவு. அரசுக் கம்பெனி கொடுக்கக் கூடாது. தொடங்கி மூன்று ஆண்டு நிறையாத கம்பெனியும் கொடுக்கக் கூடாது. இயக்குநர் குழு கூடித் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். ரொக்கம் ஆகாது, காசோலை, வரைவோலை, மின்னணுப் பரிமாற்றம் ஆகியவை மட்டுமே செல்லும். மீறினால் கொடுத்த தொகையைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம், பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை.

எவ்வளவு கொடுக்கலாம்?

கடந்த மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு. லாபம் முறையே 40, 60, 20 கோடி என்றால் சராசரி 40 கோடி. அந்த ஆண்டு 3 கோடிக்கு மேல் கொடுக்க முடியாது. ஒரு கட்சிக்கு இவ்வளவு என்றில்லை, எல்லாக் கட்சிக்கும் சேர்த்தே இந்த வரம்பு.

2017 நிதிச் சட்டம் இந்த வரம்பையும், எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் பெயர் சொல்லும் கடமையையும் எடுத்துவிட்டது. அன்று முதல், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, நட்டத்தில் ஓடும் கம்பெனிகூட எத்தனை கோடி வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற நிலை. லாபமே இல்லாத கம்பெனி கோடிக்கணக்கில் கொடுத்தால் அது யாருடைய பணம் என்ற கேள்வி எழும். வரம்பு இருந்ததே அந்தக் கேள்வி எழாமல் இருக்கத்தான்.

கட்சிகள் எதை வெளியே சொல்ல வேண்டும்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29சி பிரிவின்படி, ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் எண், தொகை, செலுத்திய விதம் ஆகியவற்றைப் படிவம் 24ஏ-வில் எழுதித் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். உரிய நாளுக்குள் கொடுக்காவிட்டால் கட்சிக்கு வருமான வரி விலக்கு போகும். ஆணையம் இதைத் தன் இணையதளத்தில் ஏற்றுகிறது.

ஓட்டை எங்கே என்றால், ரொக்கமாக வாங்கும் வரம்பை 2017-ல் 2,000 ரூபாயாகக் குறைத்தார்கள். பெயர் சொல்லும் வரம்பு மட்டும் 20,000-லேயே நிற்கிறது. 20,000 வரை வந்ததற்குப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்றே சட்டத்தில் இல்லை. ஒரே ஆள் பத்துத் தவணையாகக் கொடுத்தால் சட்டத்தின் சொற்படி கூட்டித்தான் பார்க்க வேண்டும், ஆனால் கூட்டிப் பார்க்க வெளியாருக்கு ஏடு கிடையாது. பகுஜன் சமாஜ் கட்சி பல ஆண்டுகளாக 20,000-க்கு மேல் ஒருவரும் கொடுக்கவில்லை என்றே கணக்குக் காட்டி வந்திருக்கிறது.

கட்சி சொல்வது சரியா என்று எப்படிச் சரிபார்ப்பது?

கொடுத்தவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களைச் சில மணி நேரம் திறந்து பார்க்கலாம். ஏஓசி-4 என்ற படிவத்தோடு இணைத்திருக்கும் லாப நட்டக் கணக்கில், பெரும்பாலும் 'இதர செலவுகள்' குறிப்பின் கீழே, அரசியல் நன்கொடை ஒரு வரியாக நிற்கும். அதைக் கட்சியின் 24ஏ-வோடு ஒப்பிடுங்கள்.

இடறும் இடங்கள் வழக்கமானவை. பணம் கொடுத்தது தாய்க் கம்பெனியா துணைக் கம்பெனியா என்பது பெயரை வைத்துத் தெரியாது. பான் எண்ணும் பதிவு எண்ணும்தான் கைகொடுக்கும். கட்சி தரும் பட்டியலிலோ பல வரிகளில் பான் எண்ணே இருக்காது. மார்ச் கடைசியில் எழுதிய காசோலை கம்பெனிக்கு ஓர் ஆண்டிலும் கட்சிக்கு அடுத்த ஆண்டிலும் விழும். ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து 'மறைத்துவிட்டார்கள்' என்று எழுதிவிடாதீர்கள்.

தேர்தல் பத்திரம் என்பது என்ன? அதில் என்னதான் சிக்கல்?

கட்சிக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் பணம் கட்டி வாங்கும் தாள். கட்சி அதை வங்கியில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்ளும். 2018 ஜனவரி 2-ல் அறிவிக்கப்பட்ட திட்டம். ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட 29 கிளைகளில் மட்டும் விற்பனை. ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என ஐந்து மதிப்புகள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் பத்துப் பத்து நாள் ஜன்னல் திறக்கும். மக்களவைத் தேர்தல் ஆண்டில் கூடுதலாக 30 நாள். வாங்கிய 15 நாளுக்குள் கட்சி தன் கணக்கில் போட வேண்டும், தவறினால் தொகை பிரதமர் தேசிய நிவாரண நிதிக்குப் போய்விடும். கடைசியாக நடந்த மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் ஒரு விழுக்காடு ஓட்டாவது வாங்கிய பதிவு பெற்ற கட்சிக்கே தகுதி.

பத்திரத்தில் வாங்கியவர் பெயரும் இல்லை, பெறுபவர் பெயரும் இல்லை. பத்திரமாக வந்த தொகைக்குக் கட்சியும் 29சி-யின் கீழ் பெயர் சொல்ல வேண்டாம் என்று திருத்தினார்கள். கறுப்புப் பணத்தை ஒழிக்க வந்த திட்டம் என்றார்கள். வங்கி வழியாகத்தான் பணம் வந்தது என்பதும் உண்மை. ஆனால் ரிசர்வ் வங்கி தொடக்கத்திலேயே ஆட்சேபித்தது, தேர்தல் ஆணையமும் 2017 மே மாதத்தில் இதைப் பின்னோக்கிய நடவடிக்கை என்று எழுதியது.

ரகசியம் எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை என்பதுதான் பெரிய கோளாறு. வாங்கியவர் யார் என்று வங்கிக்குத் தெரியும். குற்ற வழக்கு பதிவானால் விசாரணை அமைப்பு கேட்டால் வங்கி தகவல் தர வேண்டும் என்று திட்டத்திலேயே விதி இருந்தது. விசாரணை அமைப்புகள் அரசின் கையில். ஆக, ஆளுங்கட்சி அறிந்துகொள்ள வழி உண்டு, எதிர்க்கட்சிக்கும் வாக்காளருக்கும் வழியில்லை. இன்னொன்று: ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் தனி எண் அச்சிடப்பட்டிருந்தது. பிற்பாடு எல்லாம் வெளியே வந்ததே அந்த எண்ணால்தான்.

மதிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். சாமானியர் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் திட்டம் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு புள்ளிவிவரம் போதும்.

உச்ச நீதிமன்றம் எதையெல்லாம் ரத்து செய்தது?

2024 பிப்ரவரி 15-ல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார் என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டிய தகவல். அதை மறைப்பது கருத்துச் சுதந்திரம் தரும் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவுக்கு முரண் என்று திட்டத்தையே ரத்து செய்தார்கள். கம்பெனிகளுக்கு இருந்த 7.5 விழுக்காடு வரம்பை எடுத்தது சமத்துவம் சொல்லும் 14-வது பிரிவுக்கு முரண் என்றார்கள்; அதனால் பழைய வரம்பு திரும்பி வந்தது. மாநிலங்களவையின் ஒப்புதல் தேவைப்படாத பண மசோதாவாக இதை நிறைவேற்றியது சரியா என்ற கேள்விக்குள் போகவில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தமும் இந்தத் தீர்ப்புக்கு வெளியே நிற்கிறது.

தகவலைத் தொகுக்க ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட ஸ்டேட் வங்கிக்கு மார்ச் 11-ல் ஒரே ஒரு நாள் கிடைத்தது. வாங்கியவரையும் கட்சியையும் இணைக்காமல் இரு பட்டியலையும் தனித்தனியாகக் கொடுத்தால் போதும் என்று நீதிமன்றம் சொன்னது, வங்கி மறுநாளே கொடுத்தது.

வெளியான பட்டியல்களை எப்படி ஒத்துப் பார்ப்பது?

ஸ்டேட் வங்கி தந்து, தேர்தல் ஆணையம் மார்ச் 14-ல் வெளியிட்ட கோப்புகளில் பத்திர எண் இல்லை; அவற்றை வைத்து யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. மார்ச் 21-ல் வந்தவைதான் வேண்டும். ஒன்று வாங்கியோர் பட்டியல், மற்றொன்று கட்சிகள் பணமாக்கிய பட்டியல். இரண்டிலும் எழுத்து முன்னொட்டு, பத்திர எண், மதிப்பு ஆகிய பத்திகள் பொதுவாக இருக்கும். ஓசி (OC) என்றால் ஒரு கோடி, டிஎல் (TL) பத்து லட்சம், ஓஎல் (OL) ஒரு லட்சம், டிடி (TT) பத்தாயிரம், ஓடி (OT) ஆயிரம்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவார்கள். ஒரே எண் வேறு வேறு மதிப்பிலும் வரும். முன்னொட்டையும் எண்ணையும் சேர்த்து ஒரே சாவியாக்கி, எக்செல்லில் அந்தச் சாவியால் தேடுங்கள். தொகைப் பத்தியில் காற்புள்ளிகள் எழுத்தாகப் பதிந்திருக்கும். அவற்றை நீக்காமல் கூட்டினால் விடை பூஜ்யம் வரும். கம்பெனிப் பெயர்கள் நடுவில் இடைவெளி விழுந்தும், கடைசியில் வெட்டுப்பட்டும் கிடக்கின்றன. ஃபியூச்சர் கேமிங் கம்பெனியே இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்றை மட்டும் வடிகட்டினால் மொத்தம் குறைந்துவிடும்.

சாவி சரியாக இருந்தும் சில பத்திரங்களுக்கு இணை கிடைக்காது. பதற வேண்டாம். கோப்புகள் 2019 ஏப்ரல் 12-ல் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய பதினோரு நாளில் விற்ற பத்திரங்களில் ஒரு பகுதி அதற்குப் பின் பணமானது. அதனால் வாங்கியோர் பட்டியலில் 18,871, கட்சிகள் பட்டியலில் 20,421. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் விற்றது 22,217, பணமானது 22,030. மீதி 187 நிவாரண நிதிக்குப் போனது. 2018 மார்ச் முதல் 2019 மார்ச் வரை விற்ற பத்திரங்களின் விவரம் இந்தக் கோப்புகளில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

யாருக்கு எவ்வளவு வந்தது? தமிழ்நாட்டுக் கட்சிகள்?

முப்பது சுற்றுகளில் விற்றது சுமார் 16,500 கோடி ரூபாய். 2019 ஏப்ரல் 12-க்குப் பிந்தைய கணக்கில் பாஜக 6,060 கோடி, திரிணமூல் 1,600 கோடிக்குச் சற்று மேல், காங்கிரஸ் சுமார் 1,420 கோடி, பாரத ராஷ்டிர சமிதி சுமார் 1,214 கோடி. மார்க்சிஸ்ட் கட்சி பத்திரம் வாங்க மறுத்தது. வழக்குப் போட்டவர்களில் அதுவும் ஒன்று.

வாங்கியோரில் முதலிடம் கோயம்புத்தூர் முகவரி கொண்ட லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்: 1,368 கோடி. அடுத்தது ஹைதராபாதின் மேகா இன்ஜினியரிங்: 966 கோடி. திமுகவுக்கு மொத்தம் 656.5 கோடி வந்தது; அதில் 509 கோடி ஃபியூச்சர் கேமிங் கொடுத்தது. 2003 முதல் லாட்டரி விற்பனையே இல்லாத மாநிலத்தின் கட்சிக்கு லாட்டரிப் பணம் முக்கால் பங்கு என்பது யாரையும் புருவம் உயர்த்த வைக்கும். ஆனால் அந்த விவரத்தை நீதிமன்றம் கேட்டதும் கொடுத்தவர் பெயரோடு சொன்ன சில கட்சிகளில் திமுகவும் அதிமுகவும் அடக்கம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பெரிய கட்சிகள் பல சொல்லவில்லை. அதிமுகவுக்கு வந்தது 6.05 கோடி, பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் கம்பெனியிடமிருந்து.

பணம் கொடுத்தார், டெண்டர் கிடைத்தது. இது லஞ்சம்தானே?

தேதிகள் அடுத்தடுத்து வருவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அரோபிந்தோ பார்மா விஷயத்தைப் பாருங்கள். அதன் இயக்குநர் ஒருவரை டெல்லி மதுக்கொள்கை வழக்கில் அமலாக்கத் துறை 2022 நவம்பர் 10-ல் கைது செய்தது. 15-ஆம் தேதி கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது, 21-ஆம் தேதி பாஜக அதைப் பணமாக்கியது. அடுத்த ஆண்டு அவர் அப்ரூவர் ஆனார். சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. அதே கம்பெனி மொத்தம் வாங்கிய 52 கோடியில் பாஜகவுக்குப் போனது 34.5 கோடி, மீதி பாரத ராஷ்டிர சமிதிக்கும் தெலுங்கு தேசத்துக்கும் போனது என்பதும் பதிவில் இருக்கிறது.

சாலை, பாலம், நீர்த்திட்டம் என்று மாதந்தோறும் ஒப்பந்தம் எடுக்கும் கம்பெனிக்கு எந்தத் தேதியில் பத்திரம் வாங்கினாலும் பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் இருக்கும். ஆகவே பத்திரம் வாங்காத போட்டிக் கம்பெனிக்கு அதே காலத்தில் என்ன கிடைத்தது, டெண்டர் நிபந்தனை இடையில் மாறியதா, ஒரே ஆள் மட்டும் தகுதி பெற்றாரா, சோதனை நடந்த பின் வழக்கு நகர்ந்ததா உறங்கியதா என்று பார்க்க வேண்டும். சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 2-ல் ஏற்கவில்லை. சாதாரணக் குற்றவியல் சட்ட வழிகள் இருக்கின்றன என்றது. அந்த வழிகளின் வாசலில் நிற்பதும் அரசின் அமைப்புகள்தான் என்பதால் பலருக்கு அது பதிலாகப் படவில்லை.

வெளிநாட்டுக் கம்பெனி கொடுக்கலாமா?

நேரடியாகக் கூடாது. ஆனால் 'வெளிநாட்டு' என்பதன் வரையறையே மாறிவிட்டது. வேதாந்தாவின் துணைக் கம்பெனிகளான ஸ்டெர்லைட், சேசா கோவா ஆகியவற்றிடம் பணம் வாங்கியதால் பாஜகவும் காங்கிரசும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச் 28-ல் தீர்ப்பளித்தது. ஸ்டெர்லைட் என்றால் தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள்: 2016 நிதிச் சட்டம், பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பங்கு இருந்தாலும் முதலீட்டு வரம்புக்குள் இருந்தால் அது வெளிநாட்டு மூலமல்ல என்று 2010 முதல் முன்தேதியிட்டுத் திருத்தியது. வாங்கிய பணம் 2010-க்கும் முந்தையது என்பதால் அது போதவில்லை. 2018-ல் அந்தத் தேதியை 1976 ஆகஸ்ட் 5-க்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் பயனடைந்த திருத்தம். சபையில் சத்தமே இல்லை.

பத்திரம் போன பிறகு பணம் எந்த வழியாக வருகிறது?

நேரடிக் காசோலை, தேர்தல் அறக்கட்டளை என்று இரண்டு. அறக்கட்டளை 2013-ல் வந்த ஏற்பாடு. பல கம்பெனிகளிடம் வாங்கி, அந்த ஆண்டு வந்ததில் குறைந்தது 95 விழுக்காட்டை ஆண்டு முடிவதற்குள் கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். யாரிடம் வாங்கியது, யாருக்குக் கொடுத்தது என்ற இரண்டு பட்டியலும் தேர்தல் ஆணையத்துக்குப் போகும். 2024-25-ல் இந்த வழியில் சுமார் 3,800 கோடி போனது. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பாஜகவுக்கு.

பத்திரத்தைவிட இது தேவலை. ஆனாலும் எல்லாப் பணமும் ஒரே அண்டாவில் விழுந்து கலந்த பிறகே மொண்டு கொடுக்கப்படுகிறது. இந்தக் கம்பெனியின் பணம் இந்தக் கட்சிக்குப் போனது என்று பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே நாளில் ஒரே தொகை உள்ளே வந்து வெளியே போயிருந்தால் ஊகிக்கலாம், அவ்வளவே.

தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறதே?

வேட்பாளருக்கு இருக்கிறது: 2022 ஜனவரி முதல் பெரிய மாநிலங்களில் மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கட்சிக்கு உச்சவரம்பே கிடையாது. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974-ல் சொன்னதும், உடனே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஓட்டுக்குக் கொடுக்கும் பணம் எந்தக் கணக்கிலும் வராது. அது பிடிபட்டால் தேர்தலே நிற்கும்: 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர்.

லாபியிங் செய்வது இந்தியாவில் குற்றமா?

லாபியிங் என்பது அரசின் முடிவைத் தன் பக்கம் திருப்ப ஆட்சியாளர்களையும் அதிகாரிகளையும் அணுகுவது. அது குற்றம் என்றும் இல்லை, முறை என்றும் இல்லை. அதற்கென்று சட்டமே இல்லை. அமெரிக்காவில் 1995 சட்டப்படி லாபி செய்பவர் பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எந்த விஷயத்துக்காக எவ்வளவு செலவு என்று அறிக்கை தர வேண்டும். வால்மார்ட் இந்தியச் சந்தைக்குள் நுழைவது உள்பட பல விஷயங்களுக்காக 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்த செய்தி 2012-ல் நமக்குத் தெரிந்ததே அந்த அமெரிக்க அறிக்கைகளால்தான். நாடாளுமன்றத்தில் அமளி நடந்து, ஓய்வு பெற்ற நீதிபதி முத்கல் விசாரித்தார். திட்டவட்டமாக எதுவும் நிறுவப்படவில்லை. நம் பக்கத்தில் ஒத்துப் பார்க்க ஏடே இல்லாதபோது நிறுவுவது கடினம்.

பணமோ ஆதாயமோ கைமாறினால் அது லஞ்சம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளி, கம்பெனியும் பொறுப்பேற்க வேண்டும்.

அப்படியானால் அழுத்தம் எங்கே தரப்படுகிறது?

நாடாளுமன்றத்தில் என்று நினைத்தால் தவறு. பெரும்பாலும் அறிவிக்கையில், அதாவது இருக்கும் சட்டத்தின் அதிகாரத்தில் அரசு தானே வெளியிடும் உத்தரவில். சுங்க வரியில் ஒரு பொருளுக்கு விலக்கு தர ஓர் அறிவிக்கை போதும், சபையில் முன்கூட்டி வாக்கெடுப்பு வேண்டாம். 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு 11 விழுக்காடு வரி வந்தது. திருப்பூர், கோவை ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் விடாமல் மனுக் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் தற்காலிக விலக்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 19 முதல் ஆண்டு இறுதி வரை மறுபடி வந்தது. பருத்தி விவசாயிகள் இதை எதிர்த்தார்கள். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால் டெல்லியில் சங்கமும் ஆலோசகரும் வைத்திருப்பவர் குரல் முதலில் கேட்கும். விஸ்கோஸ் பஞ்சின் (மரக்கூழில் செய்யும் இழை) மீதிருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி (வெளிநாட்டுச் சரக்கை மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுப்பது) 2021 ஆகஸ்டில் நீங்கியதும் இதே போன்ற நூற்பாலைகளின் நீண்ட மனுப் போராட்டத்தால்தான்.

பொருள்குவிப்புத் தடுப்பு வரி வழக்குகளில் ஒரு வசதி உண்டு. மனுதாரர் தந்ததன் ரகசியமற்ற பிரதியை மற்றத் தரப்பினர் பார்க்கலாம். யார் என்ன கேட்டார் என்று எழுத்தில் தெரியும் அரிய இடம் அது.

சாதாரண ஆள் இதில் என்ன செய்ய முடியும்?

2014-ல் மத்திய அரசு வகுத்த கொள்கைப்படி மசோதா வரைவை முன்கூட்டியே 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். கொள்கைதான், சட்டமல்ல, பல நேரம் நாள் குறைகிறது, சில நேரம் வைப்பதே இல்லை. வைத்தால் எழுதுங்கள். 'ஏழைகளைப் பாதிக்கும்' என்று பொதுவாக எழுதினால் குப்பைக்குப் போகும். உட்பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், மாற்றாக நீங்கள் கேட்கும் வாசகம், காரணம், கையில் இருக்கும் எண்கள், இவ்வளவும் இரண்டு பக்கத்துக்குள்.

யார் யார் மனுக் கொடுத்தார்கள் என்று அறிய 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுப் போடலாம். 'லாபியிங் பற்றிய தகவல்' என்று கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வரும். அறிவிக்கை எண்ணையும் இரண்டு தேதிகளையும் சொல்லி, அந்தக் காலத்தில் அது குறித்து வந்த மனுக்களின் பட்டியல், கோப்புக் குறிப்புகளின் நகல், கூட்டங்களில் கலந்துகொண்டவர் பெயர்கள் என்று கேளுங்கள். வணிக ரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுத்தால், ரகசியப் பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரும்படி 10-வது பிரிவைச் சுட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பட்டியலை மட்டும் தனியாகக் கேட்பது நல்லது. மனுவின் உள்ளடக்கம் வணிக ரகசியமாகலாம், மனுக் கொடுத்தவர் பெயரை அப்படிச் சொல்வது கடினம். கட்சிகளிடம் கேட்டுப் பயனில்லை: ஆறு தேசியக் கட்சிகளும் இச்சட்டத்துக்குள் வரும் என்று மத்திய தகவல் ஆணையம் 2013-ல் சொன்னதை அவை ஏற்று நடக்கவில்லை.

நான் கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் வரிச் சலுகை உண்டாமே?

1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஜிஜிசி பிரிவில் முழுத் தொகைக்கும் கழிவு இருந்தது. பழைய வரி முறையைத் தேர்ந்தவருக்கு மட்டும், ரொக்கத்துக்குக் கிடையாது. இதை வைத்து ஒரு மோசடி பெரிதாக ஓடியது. பேர் தெரியாத ஒரு கட்சிக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பச் சொல்வார்கள், ரசீது தருவார்கள், கமிஷன் கழித்து மீதி ரொக்கமாகத் திரும்பி வரும். கட்சியின் வங்கிக் கணக்கை வருமான வரித் துறை எடுத்ததும் அனுப்பியவர் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போகும். வரி, வட்டி, தவறான தகவலுக்கு வரியைப் போல இரு மடங்கு அபராதம் என்று கணக்கு நீளும். ஆறு ஆண்டாகத் தேர்தலில் நிற்காத 334 கட்சிகளை ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்கியது. செப்டம்பரில் இன்னும் 474. பணம் அனுப்பும் முன் கட்சியின் பெயர் ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா, கடந்த ஆண்டின் 24ஏ கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாத கட்சிக்கு உங்கள் ஆடிட்டரே சிபாரிசு செய்தாலும் அனுப்பாதீர்கள்.